ஆக்சிலேட்டர் பக்கம் முதலில்

சக்கரம் மட்டும்தான் வந்தது. வண்டி வரவில்லை.

கச்சிராயபாளையம் சாலையில் எங்கள் பட்டறை. ஷட்டரைத் தூக்கிவிட்டுத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன். ஆட்டோ ஒன்று வந்து நின்றது. பின்சீட்டில் ஆள் இல்லை. சாக்கை விரித்து, அதன் மேல் மோட்டார் சைக்கிளின் முன்சக்கரம் ஒன்றைப் படுக்க வைத்திருந்தார்கள். டயரில் மலைச் செம்மண் காய்ந்து ஒட்டியிருந்தது.

"ஏழுமலை வண்டியுதுக்கா," என்றார் ஆட்டோக்காரர். "வண்டி மலையடிவாரத்துல நிக்குது. சக்கரம் சுத்தவே இல்ல. கயட்டிதான் எடுத்தாந்தோம். உங்ககிட்ட குடுக்கச் சொல்லி ஆஸ்பத்திரியிலேர்ந்து போன் பண்ணாரு."

"எங்ககிட்டன்னா, எங்க வீட்டுக்காரர்கிட்டயா?"

"இல்லக்கா. அக்கா பிரிச்சிப் பாக்கட்டும், அக்காகிட்ட மட்டும் குடுன்னாரு."

ஏழுமலை என் தம்பி. முந்தின நாள் கல்வராயன் மலையிலிருந்து இறங்கும்போது, ஒரு வளைவில் இந்தச் சக்கரம் அப்படியே பிடித்துக்கொண்டு அவனைத் தூக்கிப் போட்டுவிட்டது. ஒரு வாரத்துக்கு முன்னால் இதே சக்கரத்துக்குப் புது பேரிங் போட்டுக் கொடுத்தவர் என் கணவர் தணிகாசலம்.

அவர் உள்ளே ஒரு இஞ்சினைத் திறந்து வைத்திருந்தார். ஆட்டோக்காரர் சொன்னது அவர் காதிலும் விழுந்தது. கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வந்து சக்கரத்தை இறக்கி, நான் வேலை செய்யும் இடத்தில் வைத்தார். ஸ்பேனர் தட்டை என் பக்கம் நகர்த்தினார்.

"நீயே பிரி," என்றார். பிறகு வெளியே போய், ரோட்டைப் பார்த்தபடி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

பேசாத அம்மா

ஒரு பெண் எப்படி வண்டிப் பட்டறைக்கு வந்தாள் என்று சிலர் கேட்கிறார்கள். அதைச் சொல்லிவிட்டுச் சக்கரத்துக்கு வருகிறேன்.

கல்யாணத்துக்கு முன்னால் நான் கள்ளக்குறிச்சியில் ஒரு வண்டி ஷோரூமின் சர்வீஸ் கவுண்டரில் வேலை பார்த்தேன். வண்டியை விட வருபவர் சொல்லும் கோளாறைக் கேட்டு உள்ளே இருக்கும் மெக்கானிக்கிடம் சொல்ல வேண்டும். "ஒரு மாதிரி இழுக்குது", "கொரகொரன்னு வருது" என்பார்கள். நானும் அப்படியே சொல்வேன். தணிகாசலம் ஒருவர்தான் வண்டியை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, "அது கொரகொர இல்லீங்க, உர்ருன்னு வருது," என்று என்னைத் திருத்துவார். முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு, அவர் திருத்த வர வேண்டும் என்பதற்காகவே தப்பாகச் சொல்ல ஆரம்பித்தேன்.

அவர் எங்கள் ஆட்கள் இல்லை. ரிஷிவந்தியம் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. அப்பா சீக்கிரமே போய்விட்டார். களை எடுத்தும் கரும்பு வெட்டியும் எங்கள் இருவரையும் அம்மாதான் ஆளாக்கினாள். நாங்கள் பதிவுத் திருமணம் செய்துகொண்டபோது ஊரில் இரண்டு மாதம் பேசினார்கள், அப்புறம் விட்டுவிட்டார்கள். அம்மா மட்டும் விடவில்லை. என்னோடு பேசுவதை நிறுத்தினாள். என் பெயர் வரும் இடத்தில் எழுந்து போய்விடுவாள் என்று தம்பி சொல்வான்.

ஷோரூமை விட்டு அவர் தனியாகப் பட்டறை வைத்தார். ஆள் போட வசதி இல்லை. முதலில் சாமான்களை டீசலில் கழுவிக் கொடுத்தேன். பிறகு பிரேக் ஷூ, செயின், கேபிள். பிறகு சக்கரங்கள். இஞ்சின் அவருக்கு, சக்கரம் எனக்கு என்று தானாகவே பிரிந்துகொண்டது. நான் இல்லாத நாட்களில் சக்கர வேலையையும் அவரே பார்ப்பார்.

எங்கள் வீட்டுக்கு முதலில் வந்தவன் ஏழுமலைதான். கள்ளக்குறிச்சி பேக்கரி ஒன்றிலிருந்து பன், ரொட்டி, வறுக்கி எல்லாம் பெட்டி பெட்டியாகக் கட்டிக்கொண்டு மலைக்குப் போய்க் கடைகளுக்குப் போடுவது அவன் வேலை. கோமுகி அணையைத் தாண்டி மேலே ஏறினால் கரியாலூர், வெள்ளிமலை, அதற்கும் அப்பால் சின்னச் சின்ன ஊர்கள். அவன் வண்டிக்கு அடிக்கடி வேலை வரும். வராவிட்டாலும் வருவான். "மாமா, செயின் லூசா இருக்கா மாதிரி இருக்குது," என்பான். செயின் சரியாகத்தான் இருக்கும். டீ குடித்துவிட்டு, அம்மாவுக்கு முட்டிவலி கம்மியாகிவிட்டதா ஜாஸ்தியாகிவிட்டதா என்று நான் கேட்காமலேயே சொல்லிவிட்டுப் போவான்.

கொஞ்ச நாளில் அம்மாவும் அவனிடம் கேட்க ஆரம்பித்தாளாம். "அவ ஒடம்பு எப்டி கீது?" என்று ஒரு நாள். "அந்தாளு குடிக்கிறானா?" என்று இன்னொரு நாள். குடிக்கமாட்டார் என்று இவன் சொன்னதும் திரும்பிக்கொண்டு பாத்திரம் தேய்த்தாளாம். அந்த அளவுக்கு வந்திருந்த நேரத்தில்தான் இவன் விழுந்தான்.

கட்டில் ஓரம்

விழுந்த அன்றே கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு நாங்கள் போனபோது அவனை எக்ஸ்ரே எடுத்துக் கொண்டுவந்து படுக்க வைத்திருந்தார்கள். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்திருந்தது. ஒரு பக்கத் தோளில் தோல் முழுவதும் உரிந்து, மஞ்சள் மருந்து பூசியிருந்தது. அவன் மேல் டிஞ்சர் வாடையோடு வறுக்கி வாடையும் சேர்ந்து அடித்தது.

அம்மா கட்டில் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தாள். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அவளை அவ்வளவு பக்கத்தில் பார்த்தேன். தலைமுடி நிறைய வெளுத்திருந்தது.

என்னைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்தாள்.

"போன வாரந்தான வண்டிய கழட்டி மாட்டுன. அப்பறம் எப்டி சக்கரம் நிக்கும்?"

"தெரியலைங்க அத்தை. பாக்கணும்," என்றார்.

"இன்னாத்தப் பாப்ப? பொண்ண இட்டுக்கினு போன. பையன் ஒருத்தன்தான் மிச்சம் இருந்தான், அவனையும் கீழ தள்ளிட்ட."

பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஏழுமலை கண்ணை மூடியபடியே, "யம்மா, சும்மா இரு," என்றான். அவள் சும்மா இருக்கவில்லை. வேண்டுமென்றே செய்தான் என்றுகூட ஒரு வார்த்தை வந்தது.

அவர் என்னைக் கூட்டிக்கொண்டு நடந்தார். வெளியே வந்து வண்டியை எடுக்கும்போது என்னிடம் மட்டும் சொன்னார். "நான் சரியாத்தான் போட்டேன் அலமேலு. எப்பவும் போடற மாதிரிதான் போட்டேன்."

நம்பினேன். ஆனால் நான் அதைப் பார்க்கவில்லை. அவர் பேரிங் மாற்றிய அன்று, திருநாவலூர் கோயிலில் சிநேகிதியின் குழந்தைக்குக் காது குத்து என்று காலையிலேயே பஸ் ஏறியிருந்தேன்.

எந்தப் பக்கம்

வண்டி ஓட்டுகிறவர்கள்கூட இதைப் பார்த்திருக்கமாட்டார்கள் என்பதால் கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன்.

சக்கரத்தின் நடுவில் ஒரு துளை. அதன் இரண்டு வாயிலும் ஒவ்வொரு பேரிங் உட்காரும். இரண்டுக்கும் நடுவே ஒரு இரும்புக் குழாய் நிற்கும். அதை ஸ்பேசர் என்போம். துளைக்குள் இரண்டு பக்கமும் ஒரு படி இருக்கும். ஒரு பக்கத்து பேரிங் அந்தப் படியில் போய் நன்றாக உட்கார வேண்டும். அதுதான் முதலில் அடிக்க வேண்டிய பக்கம். பிறகு ஸ்பேசரைப் போட்டு, அடுத்த பக்கத்து பேரிங்கை அடிக்க வேண்டும். இது படியைத் தொடக்கூடாது. ஸ்பேசரைத் தொட்டதும் நிறுத்திவிட வேண்டும். அந்தப் பக்கத்துப் படி கொஞ்சம் ஆழமாக இருக்கும்.

பக்கத்தை மாற்றி அடித்தால் என்ன ஆகும்? ஆழமான பக்கத்தில் முதல் பேரிங் தேவைக்கு மேல் உள்ளே போய்விடும். பிறகு ஸ்பேசரைப் போட்டு அடுத்ததை அடித்தால், அது ஒரு நூல் அளவு வெளியே நிற்கும். சரியாக உட்காரவில்லை என்று நினைத்து இன்னும் இரண்டு அடி வைப்போம். உட்கார்ந்துவிடும். பார்க்க ஒரு குறையும் தெரியாது. ஆனால் நடுவில் இருக்கும் குழாய் இரண்டு பேரிங்கையும் உள்ளிருந்து வெளியே நெட்டிக்கொண்டே இருக்கும். ஓட ஓட சூடாகும். ஒரு நாள் உள்ளே இருக்கும் குண்டுகள் சிதறும்.

சரி, முதலில் அடிக்க வேண்டிய பக்கம் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எங்கள் பட்டறையில் அதற்கு ஒரு பேச்சு இருந்தது: "ஆக்சிலேட்டர் பக்கம் மொதல்ல." ஓட்டுபவரின் வலது கைப் பக்கம். அவர் தொழில் பழகிய இடத்தில் அப்படிச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அவர் எனக்கு அப்படியே சொல்லிக் கொடுத்தார். எத்தனையோ சக்கரங்களுக்கு அப்படித்தான் போட்டோம். ஒன்றும் ஆகவில்லை.

பளபளப்பான வளையம்

நான் சக்கரத்தைப் பிரித்தேன்.

இடது பக்கத்து பேரிங் உடைந்திருந்தது. வெளி வளையம் மட்டும் துளையில் ஒட்டிக்கொண்டிருக்க, குண்டுகள் கருத்துப்போன கிரீஸில் கிடந்தன. கருகிய வாடை. வலது பக்கத்தது உடையவில்லை, ஆனால் விரலால் சுற்றினால் கல்லும் மண்ணும் போல அரைத்தது. இரண்டையும் தட்டி எடுத்துவிட்டு, துளையை டீசல் விட்டுத் துடைத்தேன்.

முதலில் எனக்கும் எதுவும் புரியவில்லை. பேரிங் போலிச் சரக்கோ என்று பார்த்தேன். இல்லை. பெட்டிச் சுமை அதிகமோ என்று நினைத்தேன். அந்தச் சுமையை அவன் எப்போதும் ஏற்றுகிறவன்தான். பிறகு டார்ச்சை எடுத்து வலது பக்கத் துளைக்குள் அடித்தேன்.

அங்கே படியின் மேல் பளபளவென்று ஒரு வளையம் தெரிந்தது. புதிதாக ஒரு இரும்பு போய் இடித்து உட்கார்ந்த தடம். இடது பக்கமும் அதே மாதிரி ஒரு வளையம். இரண்டு பக்கமும் பேரிங் படியைத் தொட்டிருக்கிறது. ஒரு பக்கம்தான் தொட்டிருக்க வேண்டும்.

வெர்னியர் கருவியின் வால் கம்பியை விட்டு ஆழத்தை அளந்தேன். வலது பக்கம்தான் ஆழம். அதாவது இந்தச் சக்கரத்தில் முதலில் அடிக்க வேண்டியது இடது பக்கம். சக்கரத்தைத் திருப்பிப் பார்த்தேன். பிரேக் பிடிக்கும் டிஸ்க் தட்டு இடது பக்கம் இருந்தது.

அப்போதுதான் விளங்கியது. எங்களிடம் வழக்கமாக வரும் வண்டிகளுக்கெல்லாம் பிரேக் வலது பக்கம். அதனால்தான் ஆக்சிலேட்டர் பக்கம் முதலில் என்பது சரியாக வந்துகொண்டிருந்தது. பார்க்க வேண்டியது கையை அல்ல, பிரேக்கை. பிரேக் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் முதலில். தம்பியின் வண்டிக்கு டிஸ்க் இடது பக்கம். அன்று நான் ஊரில் இருந்து, நானே அடித்திருந்தாலும் வலது பக்கத்தைத்தான் அடித்திருப்பேன்.

வெளியே அவர் முதுகு தெரிந்தது. ரோட்டில் மரவள்ளிக் கிழங்கு லாரி ஒன்று போயிற்று. அது போகும் வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

ஸ்பேனர் தட்டில் உப்புத்தாள் துண்டு ஒன்று கிடந்தது. பிரேக் ஷூ தேய்க்க வைத்திருப்பது. அதை விரலில் சுற்றி, படியில் நாலு முறை ஓட்டினால் அந்த வளையம் போய்விடும். பேரிங் மட்டமான சரக்கு என்று சொல்லிவிடலாம். அம்மா நம்புவாளோ மாட்டாளோ, ஏழுமலை நம்புவான். நான் சொன்னால் நம்புவான் என்றுதான் என்னிடம் அனுப்பியிருக்கிறான்.

உப்புத்தாளை எடுக்கவில்லை என்று சொன்னால் அது பொய். எடுத்தேன். கொஞ்ச நேரம் விரலில் வைத்திருந்தேன். அந்த வளையத்தை அழித்தால் அவருக்கு என்ன நடந்தது என்றே தெரியாமல் போய்விடும் என்று தோன்றியது. அடுத்த சக்கரத்துக்கும் இதே போல அடிப்பார். அது யாருடைய சக்கரமோ. உப்புத்தாளைத் தட்டிலேயே போட்டேன்.

"கொஞ்சம் வாங்க," என்றேன்.

வந்து குந்தி உட்கார்ந்தார். டார்ச்சைக் கொடுத்தேன். வலது பக்கத் துளைக்குள் பார்த்தார். ஆள்காட்டி விரலை விட்டுத் தடவினார். இடது பக்கத்தையும் தடவினார்.

"ரெண்டாண்டயும் தொட்டிருக்குது," என்றார்.

"ஆமா."

"வலது பக்கந்தான மொதல்ல அடிப்பேன்."

"டிஸ்க் எந்தாண்ட இருக்குது பாருங்க."

பார்த்தார். டிஸ்க் மேல் கையை வைத்தார். பிறகு, "ஒரு நூல் வெளிய நின்னுச்சு," என்றார். "சரியா ஒக்காரலன்னு ரெண்டு அடி போட்டேன். கையில சுத்தும்போது டைட்டாதான் இருந்துச்சு. புதுசு, ஓடுனா லூசாயிடும்னு வுட்டுட்டேன்."

அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் உடைந்த குண்டுகளைப் பொறுக்கி ஒரு மூடியில் போட்டுக்கொண்டிருந்தேன். எழுந்து போய்க் கையைச் சோப்பு போட்டுக் கழுவினார். சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார்.

"எங்க?"

"ஆஸ்பத்திரிக்கு."

"நான் சொல்றேங்க. அம்மா வேற அங்க இருக்கும்."

"இருக்கட்டும். போட்டது நானு. நான்தான் சொல்லணும்."

சொன்னது

ஏழுமலைக்குக் கட்டுப் போட்டுக் காலைத் தூக்கி வைத்திருந்தார்கள். அம்மா அவனுக்கு இட்லி பிட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் கை நின்றது.

அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றார். "ஏழுமல, சக்கரத்தப் பிரிச்சிப் பாத்தாச்சு. தப்பு என்னுதுதான். பேரிங்க பக்கம் மாத்தி அடிச்சிட்டேன். ஒன் வண்டிக்கு எடது பக்கம் மொதல்ல போட்டிருக்கணும்."

"நான்தான் மொதல்லயே சொன்னேனே," என்றாள் அம்மா.

"ஆமாங்க அத்தை."

அவர் மறுத்துப் பேசுவார், அதற்குப் பதில் சொல்லலாம் என்று அவள் தயாராக இருந்தாள் போல. "ஆமாங்க" என்றதும் கையிலிருந்த இட்லியை அப்படியே தட்டில் போட்டாள். தட்டை வைத்துவிட்டு என்னிடம் திரும்பினாள். "நீ பாத்தியா?"

"பாத்தேன்."

"நீயேவா இவராண்ட சொன்ன?"

"ஆமாம்மா."

கல்யாணத்துக்குப் பிறகு என்னிடம் அவள் பேசிய முதல் பேச்சு அது. அப்போது அது எனக்கு உறைக்கவே இல்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் நினைத்தேன்.

ஏழுமலை மேலே சுற்றும் விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குக் கோபம் இல்லை என்று சொல்லமாட்டேன். தாடை இறுகியிருந்தது. முட்டிக்குக் கீழே வலி விட்டு விட்டு வரும்போது விரல்கள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டன.

"வேணும்னு இல்லியே," என்றான் கடைசியில்.

"ஏண்டா அப்டிக் கேக்கற," என்றார் அவர்.

"இல்ல, யம்மா கேக்கட்டும்னு கேட்டேன் மாமா." கொஞ்சம் விட்டு, "இப்ப தெரிஞ்சிச்சா, எந்தப் பக்கம்னு?"

"தெரிஞ்சிச்சு."

"அப்ப சரி. எனக்குக் கொஞ்சம் தண்ணி குடுங்க."

தண்ணீர் சொம்பு அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தது. அவளே எடுத்து அவர் கையில் கொடுத்தாள். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டுதான் கொடுத்தாள்.

மற்ற சக்கரங்கள்

அன்று சாயங்காலமே, இடது பக்கம் டிஸ்க் உள்ள வண்டி வேறு யாருக்கெல்லாம் பேரிங் போட்டோம் என்று இருவரும் உட்கார்ந்து யோசித்தோம். அதிகம் இல்லை. ஒருவர் கச்சிராயபாளையத்தில் பால் ஊற்றுகிறவர். ஒருவர் சங்கராபுரம் ரோட்டில் டெய்லர். இன்னொருவர் கரியாலூரில் டீக்கடை வைத்திருப்பவர்.

போன் பண்ணினால் பயந்துவிடுவார்கள் என்று நேரிலேயே போனார். "சக்கரத்த இன்னொரு தடவ பிரிச்சிப் பாக்கணுங்க, தப்பாப் போட்டிருக்கலாம்," என்று ஒரு மெக்கானிக்கே வாசலில் வந்து நின்று சொன்னால் கேட்பவருக்கு எப்படி இருக்கும்? டெய்லர் வண்டியைக் கொடுக்கவே இல்லை. வேறு இடத்தில் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். அதன் பிறகு எங்களிடம் அவர் வரவில்லை. பால்காரருக்கு நான் போட்டிருந்தேன். அடி மெதுவாக விழுந்திருந்ததாலோ என்னவோ பேரிங் இன்னும் கெடவில்லை. ஆனால் பக்கம் தப்புதான். கரியாலூர் டீக்கடைக்காரர் வண்டியைத் திறந்தபோது ஒரு பேரிங் சூட்டில் நீலம் பாய்ந்திருந்தது. இன்னும் கொஞ்ச நாள்தான் தாங்கியிருக்கும். அவர் வண்டியில் தினமும் பின்னால் உட்கார்ந்து பள்ளிக்கூடம் போகிறவள் அவர் மகள்.

அதை என்னிடம் சொல்லும்போது இவர் சாப்பாட்டை வைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

அதற்குப் பிறகும் இஞ்சின் வேலை பார்த்தார். ஆனால் சக்கரம் என்றால் தொடவில்லை. நான் போடும்போது பக்கத்தில் வந்து நிற்பார். "பிரேக் எந்தாண்ட?" என்று கேட்பார். நான் காட்டிய பிறகு, இரண்டு துளையின் ஆழத்தையும் அவரே ஒரு முறை அளந்து பார்த்துவிட்டுத்தான் நகர்வார். சுத்தியலை எடுக்கமாட்டார். நானும் எடுங்கள் என்று சொல்லவில்லை. சொல்லி வரக்கூடியது இல்லை அது.

பின்சீட்டில்

ஏழுமலைக்குக் கால் எலும்பு சேர நெடுநாள் ஆயிற்று. ஊன்றுகோலோடு நடந்து, பிறகு அது இல்லாமல் நடந்து, கடைசியில் பேக்கரிக்காரர் மறுபடியும் கூப்பிட்டார். வண்டியைக் கள்ளக்குறிச்சியில் பெரிய பட்டறையில் கொடு என்றாள் அம்மா. அவன் சரி என்று தலையாட்டிவிட்டு, சின்ன யானை சரக்கு வண்டியில் ஏற்றி எங்கள் பட்டறைக்குக் கொண்டுவந்து இறக்கினான். விஷயம் தெரிந்து அம்மாவும் கூடவே ஏறி வந்துவிட்டாள், அவனைத் தடுக்க.

பட்டறைக்கு வெளியே புங்க மர நிழலில் நின்றாள். உள்ளே வரவில்லை.

"மாமா, நீங்கதான் போடணும்," என்றான் ஏழுமலை.

"அக்கா போடட்டும்டா. அவ நல்லா போடுவா."

"அக்கா போட்டா நல்லாதான் இருக்கும். ஆனா நீங்க போடுங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் சக்கரத்தைக் கொண்டுபோய் அவர் முன்னால் படுக்க வைத்தேன். துளையைத் துடைத்தார். இரண்டு பக்கமும் அளந்தார். இடது பக்கத்தை மேலே வைத்து, பேரிங்கை நேராக உட்கார வைத்து, அதன் மேல் பழைய பேரிங் வளையத்தை வைத்து அடித்தார். முதல் அடிகள் மந்தமாகக் கேட்டன. படியில் போய் உட்கார்ந்ததும் சத்தம் கணீரென்று மாறியது. நிறுத்தினார். சக்கரத்தைத் திருப்பினார். ஸ்பேசரைப் போட்டார். வலது பக்கத்தைச் சின்னச் சின்னதாகத் தட்டினார், ஒவ்வொரு தட்டுக்கும் விரலை விட்டு ஸ்பேசர் ஆடுகிறதா என்று பார்த்துக்கொண்டே. ஆட்டம் நின்றதும் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டார்.

சக்கரத்தை வண்டியில் மாட்டி விரலால் ஒரு சுண்டு சுண்டினார். சத்தமே இல்லாமல் நெடுநேரம் சுற்றியது.

அம்மா நிழலை விட்டு இரண்டு அடி முன்னால் வந்திருந்தாள். "பாக்கறதுக்கு அன்னிக்கும் இப்டித்தான சுத்தியிருக்கும்," என்றாள்.

"இல்லீங்க அத்தை, அன்னிக்கு இப்டி சுத்தல," என்றார் அவர். பிறகு ஏழுமலையிடம், "நீ ஓட்டு. நான் பின்னாடி ஒக்காந்துக்கினு வரேன். கரியாலூர் வரைக்கும் போயிட்டு வரலாம்," என்றார்.

"எறங்கும்போதும் நான்தான் ஓட்டுவேன் மாமா."

"ஓட்டு."

அவர் தன் சட்டைப் பையிலிருந்த சாவி, பேனா எல்லாவற்றையும் எடுத்து என்னிடம் கொடுத்துவிட்டுப் பின்னால் ஏறி உட்கார்ந்தார். தம்பி கிளம்பும்போது கால் ஊன்றுவதில் கொஞ்சம் தடுமாறினான். அப்புறம் நேராகிப் போய்விட்டார்கள்.

நானும் அம்மாவும் மிச்சம். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பெஞ்சைத் துடைத்து உள்பக்கம் இழுத்துப் போட்டேன். "உக்காரும்மா," என்றேன். ரோட்டையே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு முட்டியைப் பிடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். நான் ஒரு பஞ்சர் டியூபைத் தண்ணீரில் முக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதெல்லாம் எப்ப கத்துக்கினே?"

"செஞ்சி செஞ்சி பழகிடுச்சும்மா."

"கையி இப்டி காச்சிப் போயிருக்குது."

டியூபைத் துடைத்தேன். மலை ஏறும் நேரம், அங்கே டீ குடிக்கும் நேரம் என்று என் மனசுக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. வளைவுகளில் போன் சிக்னல் இருக்காது. அவளுக்கும் அது தெரியும். ரோட்டில் ஒவ்வொரு மோட்டார் சைக்கிள் சத்தத்துக்கும் இருவரும் நிமிர்ந்தோம்.

போன் அடித்தபோது டியூபை அப்படியே போட்டுவிட்டு எடுத்தேன். ஏழுமலை. கரியாலூருக்குப் போய், டீக்கடைக்காரரைப் பார்த்துவிட்டு, இறங்கியும் விட்டார்களாம். கோமுகி அணைக்குப் பக்கத்தில் நிற்கிறார்களாம். "வண்டி வெண்ணெ மாதிரி போவுதுக்கா," என்றான். பின்னால் அவர் யாரிடமோ பேசிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது.

அம்மா கையை நீட்டினாள். கொடுத்தேன்.

"ஏழுமல, ரெண்டு பேரும் சாப்ட்டீங்களா?" என்றாள். அந்தப் பக்கம் அவன் ஏதோ சொன்னான். "அதெல்லாம் கடையில திங்க வேணாம். நேரா வாங்க," என்று சொல்லிவிட்டு, எப்படி அணைப்பது என்று தெரியாமல் போனை என்னிடமே திருப்பிக் கொடுத்தாள்.

பெஞ்சிலிருந்து எழுந்து, பட்டறைக்குப் பின்னால் இருக்கும் எங்கள் வீட்டுக் கதவைத் தள்ளினாள்.

"அரிசி எங்கடி வெச்சிருக்க?" என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது.